உடைக்கும் முன் ஒரு நிமிஷம்!

வீட்டுக்கு வீடு வாசற்படி என்பார்கள். இப்போதெல்லாம் வீட்டுக்கு வீடு ஒரு மாத்திரை டப்பாவும் இருக்கிறது. பழைய பிஸ்கட் டின்னோ, கல்யாணத்தில் தாம்பூலத்தோடு வந்த பிளாஸ்டிக் டப்பாவோ, திறந்து பார்த்தால் மாமனாரின் ரத்த அழுத்த மாத்திரை, மாமியாரின் சர்க்கரை மாத்திரை, கணவரின் நெஞ்செரிச்சல் மாத்திரை, நமக்கென்று ஒரு இரும்புச் சத்து மாத்திரை என்று குடும்பமே அதற்குள் குடியிருக்கும். யாருக்கு எது, காலையா ராத்திரியா, சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பதெல்லாம் நமக்கு மனப்பாடம். டாக்டர் வெளியே இருந்தாலும், வீட்டுக்குள் கம்பவுண்டர் நாம்தானே!

அந்த டப்பாவிலிருந்து நாலைந்து மாத்திரைகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், சகோதரிகளே. ஒன்று சாக்பீஸ் மாதிரி வெள்ளையாக இருக்கும். தொட்டால் விரலில் மாவு ஒட்டும். இன்னொன்று வழவழவென்று மின்னும். ஒன்று நாக்கில் பட்டதுமே கசக்கும். இன்னொன்று மிட்டாய் மாதிரி இனிக்கும். வேறொன்றுக்கு ருசியே இருக்காது. கேப்சூல் ஒன்றை ஆட்டினால் உள்ளே கடுகு உருள்வது போலச் சத்தம் கேட்கும்.

"பார்வைக்கு அழகா இருக்கட்டும்னு கலர் போட்டிருப்பான்" என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அந்த மினுமினுப்பான மேல்பூச்சுக்குள் ஒரு பெரிய சாஸ்திரமே ஒளிந்திருக்கிறது. மருந்து உடம்பில் எந்த இடத்தில் கரைய வேண்டும், எத்தனை மணி நேரத்துக்குக் கரைய வேண்டும் என்பதை அநேக மாத்திரைகளில் அந்தப் பூச்சுதான் தீர்மானிக்கிறது. பூச்சு கெட்டால் மருந்தின் போக்கே மாறிவிடும். சில சமயம் ஆபத்திலும் கொண்டுபோய் விடும். அப்படி ஒரு ஆபத்தை எங்கள் குடும்பத்தில் நேரிலேயே பார்த்துவிட்டோம்.

பொடித்துக் கொடுத்ததால் வந்த வினை

என் கணவரின் சித்தப்பாவுக்கு எழுபத்தாறு வயது. போன வருஷம் பக்கவாதம் வந்து, கடவுள் புண்ணியத்தில் தேறி வீட்டுக்கு வந்தார். கை கால் ஓரளவு சரியாகிவிட்டது, முழுங்குவதுதான் சிரமம். கஞ்சி, கூழ், மசித்த சாதம் என்று கொடுத்துவந்தார்கள். பார்த்துக்கொள்ள ஒரு அம்மாவை வேலைக்கு வைத்திருந்தார்கள். தங்கமான மனுஷி. பெரியவர் மாத்திரை தொண்டையில் சிக்கித் திணறுகிறாரே என்று, காலை மாத்திரைகள் ஐந்தையும் ஏலக்காய் இடிக்கிற சின்ன உரலில் நுணுக்கி, தேனில் குழைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். அவரும் சமர்த்தாகச் சாப்பிட்டார். எல்லாருக்கும் நிம்மதி.

இரண்டாவது நாளிலிருந்து காலை பத்து மணிக்கெல்லாம் "தலை சுத்துது, கண்ணை இருட்டுது" என்று சொல்ல ஆரம்பித்தார். நாலாவது நாள் பாத்ரூமில் விழுந்துவிட்டார். நல்ல வேளை, எலும்பு முறியவில்லை. நெற்றியில் மூன்று தையல். ஆஸ்பத்திரியில் பார்த்தால் ரத்த அழுத்தம் ரொம்பக் குறைந்து கிடந்தது. அன்று ராத்திரியே அது எகிறியும் போயிற்று. "டோஸ் மாத்தவே இல்லையே, ஏன் இப்படி ஊஞ்சல் ஆடுது?" என்று டாக்டருக்கே குழப்பம். கடைசியில், "மாத்திரையை எப்படிக் கொடுக்கறீங்க?" என்று கேட்டார். சித்தி உரல் கதையைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அம்மா, இதில் ஒண்ணு இருபத்துநாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமா கரையவேண்டிய மாத்திரை. நீங்க அதைப் பொடிச்சதால ஒரு நாள் மருந்து ஒரே மணி நேரத்துல ரத்தத்துல கொட்டிடுச்சு. அப்புறம் சாயங்காலத்துக்கு மருந்தே இல்ல!" என்றார்.

அந்த அம்மா மேல் குற்றம் சொல்ல மனசு வரவில்லை. அவளிடம் யார் சொன்னார்கள்? சித்திக்கே தெரியாதே! டாக்டர் முழுங்கச் சிரமமில்லாத வேறு மருந்துகளாக மாற்றிக் கொடுத்தார். இப்போது சித்தப்பா நலம்.

எனக்கு மட்டும் விஷயம் மனசை விட்டுப் போகவில்லை. ஒரு மாத்திரைக்குள் இருபத்துநாலு மணி நேரத்தை எப்படி அடைத்து வைக்கிறார்கள்? என் நாத்தனார் மகள் பி.ஃபார்ம். படித்துவிட்டு ஒரு மருந்துக் கம்பெனியில், அதுவும் மாத்திரைக்கு மேல்பூச்சு பூசுகிற பிரிவிலேயே, வேலை பார்க்கிறாள். லீவுக்கு வந்தவளைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டேன். பிளஸ் டூ வரை படித்த எனக்கும் விளங்கும்படி சொன்னாள். அவள் சொன்னதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

சீரக மிட்டாயிலிருந்து வந்த யோசனை

"அத்தை, சீரக மிட்டாய் எப்படிப் பண்ணுவாங்கன்னு தெரியுமா?" என்றுதான் ஆரம்பித்தாள்.

சுழலுகிற ஒரு பெரிய தாமிரக் கொப்பரையில் விதையைப் போட்டு, சர்க்கரைப் பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் காயவைத்துக் காயவைத்து உருட்டுவார்கள். பாகு படிந்து படிந்து மிட்டாயாகும். பழைய காலத்து மாத்திரைப் பூச்சும் ஏறக்குறைய இதேதான். மிட்டாய்க்காரர்களின் வித்தையைத்தான் மருந்துக்காரர்கள் கடன் வாங்கினார்கள்.

அதற்கும் முன்னால் உருண்டை மருந்துதான். கசப்பை மறைக்க வழி தேடியது ஆயிரம் வருஷத்துக்கு முந்தியே உண்டு. பாரசீகத்து மருத்துவர் இபின் சீனா மருந்து உருண்டைகளுக்குத் தங்க ரேக்கும் வெள்ளி ரேக்கும் சுற்றினார் என்று மருத்துவ வரலாற்றில் சொல்கிறார்கள். நம் ஊர் பால்கோவாவுக்கு வெள்ளி ரேக் ஒட்டுவது மாதிரிதான்! இன்று நாம் பார்க்கிற, அச்சில் அழுத்தி எடுத்த மாத்திரை வந்தது 1843ல். வில்லியம் பிராக்கிடன் என்ற ஆங்கிலேயர், பென்சில் செய்யும் கரித்தூளை இறுக்கி அழுத்துவதற்காகக் கண்டுபிடித்த முறையை மருந்துப் பொடிக்கும் சேர்த்தே காப்புரிமை வாங்கினார்.

சர்க்கரைப் பூச்சில் ஒரு சங்கடம். அடுக்கடுக்காகப் பூசிக் காயவைக்க நாட்கணக்கில் ஆகும். மாத்திரையின் எடையும் ஒன்றரை மடங்கு, சிலதில் இரண்டு மடங்குகூட ஆகிவிடும். 1950களில் மெல்லிய ஏடு போன்ற பூச்சு வந்தது. பஞ்சிலும் மரக்கூழிலும் இருக்கும் செல்லுலோஸிலிருந்து செய்த ஒரு பசையைக் கரைத்து, சுழலும் மாத்திரைகள் மேல் பனித்துளி மாதிரி தெளித்து, சூடான காற்றை வீசி உடனுக்குடன் உலர்த்துகிறார்கள். பாலின் மேல் ஆடை படிவது போல ஒரு படலம். அதன் கனம் ஏறக்குறைய ஒரு தலைமயிர் அளவுதான். எடையும் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்குதான் கூடும்.

இந்தப் பூச்சு கசப்பை மறைக்கும். ஈரமும் வெளிச்சமும் மருந்தைக் கெடுக்காமல் காக்கும். முழுங்கும்போது வழுக்கிக்கொண்டு இறங்கும். நிறத்தை வைத்து அடையாளம் காண உதவும். ஆனால் வயிற்றில் போன சில நிமிஷங்களில் இது கரைந்துவிடும். மருந்தின் வேகத்தை இது மாற்றுவதில்லை. மாற்றுகிற பூச்சுகள் வேறு. அங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது.

வயிற்றை ஏமாற்றும் சட்டை

நம் இரைப்பையில் கடுமையான அமிலம் இருக்கிறது. அதைத் தாண்டிச் சிறுகுடலுக்குள் போனால் பித்தநீரும் கணைய நீரும் கலந்து அமிலத்தின் வேகம் அடங்கிவிடும். இந்த வித்தியாசத்தைத்தான் மருந்து செய்பவர்கள் பயன்படுத்திக்கொண்டார்கள். புளிப்பில் கரையாத, புளிப்பு அடங்கிய இடத்தில் கரைகிற ஒரு பூச்சைப் பூசிவிட்டால், மாத்திரை இரைப்பையில் முழுசாக உட்கார்ந்திருந்து, குடலுக்குப் போன பிறகு திறந்துகொள்ளும். குடல் பூச்சு என்று இதைச் சொல்லலாம்.

1880களில் ஜெர்மனியில் ஊனா என்ற தோல் மருத்துவர், நகத்திலும் கொம்பிலும் இருக்கிற கெரட்டின் என்ற பொருளை மாத்திரை மேல் பூசிப் பார்த்தார். பிற்பாடு நம் நாட்டுக் கொம்பரக்கும் இதற்கு உதவியது. ஆமாம், மரக்கிளைகளில் சின்னஞ்சிறு பூச்சிகள் கக்கி வைக்கிற அதே அரக்குதான்! இன்று பெரும்பாலும் செயற்கையாகத் தயாரித்த பொருள்களே பயன்படுகின்றன.

இந்தச் சட்டையை எதற்குப் போட வேண்டும்? காரணம் இரண்டு. சில மருந்தை அமிலத்திடமிருந்து காப்பாற்ற வேண்டும். சில மருந்திடமிருந்து வயிற்றைக் காப்பாற்ற வேண்டும்.

முதலாவதற்கு உதாரணம், நெஞ்செரிச்சலுக்குக் காலையில் வெறும் வயிற்றில் போடுகிறோமே, பான்டோபிரசோல், அது. அமிலம் சுரப்பதைக் குறைக்கிற மருந்துதான். ஆனால் அமிலத்தில் பட்டால் தானே அழிந்துவிடும் பாவம்! சட்டையோடு குடலுக்குப் போய், ரத்தத்தில் கலந்து, சுற்றிக்கொண்டு வந்து இரைப்பைச் சுவரில் வேலை செய்கிறது. "பெரிசா இருக்கு" என்று இதைக் கடித்துத் தின்றால் மருந்தின் பெரும்பகுதி வீண்.

இரண்டாவதற்கு உதாரணம், இதய நோயாளிகள் தினமும் போடும் சிறிய ஆஸ்பிரின், மூட்டுவலிக்கான டைக்லோஃபெனாக் போன்றவை. இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பூச்சு இருப்பதால் வயிற்றுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்து வலி மாத்திரைகளை இஷ்டத்துக்குப் போடக் கூடாது. அவை ரத்தத்தில் கலந்த பிறகும் இரைப்பையின் பாதுகாப்பைக் குறைக்கக்கூடியவை. மலம் கறுப்பாகப் போனாலோ, வயிற்றுவலி விடாமல் இருந்தாலோ உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மாரடைப்பு என்று சந்தேகப்படும் நேரத்தில் மட்டும் டாக்டர்கள் ஆஸ்பிரினை மெல்லச் சொல்வதுண்டு. அப்போது மருந்து சீக்கிரம் ரத்தத்தில் சேரவேண்டும் என்பதுதான் காரணம். அது அவர்கள் சொல்லும்போது செய்ய வேண்டியது.

மலச்சிக்கலுக்குப் போடுகிற பிசகோடில் மாத்திரைக்கும் இதே சட்டைதான். அதைப் பாலோடு போடக் கூடாது என்பார்கள். பால் இரைப்பையின் புளிப்பைக் குறைத்துவிடும். சட்டை "குடல் வந்துவிட்டது" என்று ஏமாந்து அங்கேயே கழன்றுகொள்ளும். பிறகு வயிற்றைப் பிசைந்து எடுக்கும். ஜெலுசில் மாதிரியான அமில முறிவு மருந்துக்கும் இதே விதிதான். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ராத்திரி பாலோடு மாத்திரையைக் கொடுத்துப் படுக்கவைப்பது நம் வீட்டு வழக்கம். இந்த மாத்திரைக்கு வெறும் தண்ணீர்தான் சரி.

தாராபாத்திரம் போல ஒரு மாத்திரை

இனி நம் சித்தப்பாவின் மாத்திரைக்கு வருவோம்.

சாதாரண மாத்திரை போட்டால் ஒரு மணி, இரண்டு மணி நேரத்தில் ரத்தத்தில் மருந்தின் அளவு மலை மாதிரி ஏறும். பிறகு கிடுகிடுவென்று இறங்கும். அதனால்தான் சில மருந்துகளை மூன்று வேளை போடச் சொல்கிறார்கள். ஏறும் நேரத்தில் பக்க விளைவு; இறங்கும் நேரத்தில் நோயின் ஆட்டம். ரத்த அழுத்தம், சர்க்கரை, வலிப்பு போன்றவற்றுக்கு இந்த ஏற்ற இறக்கம் ஆகாது.

சிவன் கோயிலில் லிங்கத்தின் மேல் தாராபாத்திரம் தொங்குமே, பார்த்திருப்பீர்கள். ஒரு குடம் தண்ணீரை ஒரே மூச்சில் கவிழ்க்காமல் சொட்டுச் சொட்டாக நாள் முழுக்க விழவைக்கிறது. அப்படி மருந்தையும் சொட்டவிட்டால்? இந்த எண்ணத்திலிருந்து பிறந்தவைதான் மெதுவாகக் கரையும் மாத்திரைகள். செய்கிற விதம் பலவகை. மூன்றைச் சொல்கிறேன்.

முதல் வகை, கடுகு போன்ற குருணைகள். 1952ல் அமெரிக்காவில் ஸ்மித் கிளைன் அண்ட் ஃபிரெஞ்ச் என்ற கம்பெனி 'ஸ்பான்ஸ்யூல்' என்ற கேப்சூலைக் கொண்டுவந்தது. உள்ளே நூற்றுக்கணக்கான குட்டிக் குட்டி உருண்டைகள். சிலதுக்குப் பூச்சே இல்லை, சிலதுக்கு மெல்லிசு, சிலதுக்குக் கனம். முதல் கூட்டம் உடனே கரையும், அடுத்தது சற்றுப் பொறுத்து, கனமானது கடைசியில். ஆட்டினால் சத்தம் வருகிற கேப்சூலின் ரகசியம் இதுதான். இன்றைக்கு இப்படிப்பட்ட குருணைகளைச் சூடான காற்றில் மிதக்கவிட்டு, அந்தரத்திலேயே பூச்சைத் தெளிக்கிறார்கள். 1950களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேல் வர்ஸ்டர் கண்டுபிடித்த முறை அது. "கொதிக்கிற பானையில அரிசி துள்ளுமே, அந்த மாதிரி துள்ளிக்கிட்டே சட்டை போட்டுக்கும் அத்தை" என்றாள் என் நாத்தனார் மகள்.

இரண்டாவது வகையைப் புரிந்துகொள்ள ஒரு ஸ்பூன் சப்ஜா விதையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். ஐந்து நிமிஷத்தில் ஒவ்வொரு விதையைச் சுற்றியும் கொழகொழவென்று ஒரு கூடு. சில மாத்திரைகளில் மருந்தோடு இப்படிக் கொழகொழப்பாக ஊதும் ஒரு பொருளைக் கலந்தே அச்சடிக்கிறார்கள். வயிற்றின் ஈரம் பட்டதும் மாத்திரை ஊதி ஜெல்லியாகும். அந்த ஜெல்லிக்குள்ளிருந்து மருந்து மெல்ல மெல்லக் கசியும். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் எஸ்.ஆர். மாத்திரைகள் பலவும் இந்த ரகம். ராத்திரிச் சாப்பாட்டோடு ஒன்று போட்டுக்கொள்ளச் சொல்வது இதனால்தான். உணவோடு சேரும்போது மருந்து நன்றாக உடம்பில் சேருகிறது.

மூன்றாவது வகைதான் என்னை மூக்கின் மேல் விரல் வைக்கச் செய்தது. உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் ஊறவைத்தால் உப்பிக்கொள்கிறது அல்லவா? தோல் வழியே தண்ணீர் உள்ளே போகும். உள்ளே இருக்கிற சர்க்கரை வெளியே வராது. இதே தத்துவத்தில், தண்ணீரை மட்டும் உள்ளே விடும் ஒரு கெட்டியான ஓட்டை மாத்திரைக்குப் போட்டு, அதில் லேசர் கதிரால் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரே ஒரு துளை போடுகிறார்கள். தண்ணீர் உள்ளே போகப் போக, மருந்து அந்தத் துளை வழியே சீராகப் பிதுங்கி வெளியே வரும். 1970களில் அமெரிக்காவின் ஆல்சா கம்பெனியில் ஃபெலிக்ஸ் டீவ்ஸ் என்பவர் இதை உருவாக்கினார். ரத்த அழுத்தத்துக்கான நிஃபெடிபின் மருந்தில் இப்படிப்பட்ட மாத்திரை உண்டு.

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. மருந்தெல்லாம் வெளியேறிய பிறகு அந்தக் காலி ஓடு கரையாமல் மலத்தோடு முழு மாத்திரை மாதிரியே வந்துவிடும். மெட்ஃபார்மின் ஜெல்லியும் சில சமயம் மெத்தென்று வெளியே வருவதுண்டு. "ஐயோ, மாத்திரை கரையாமலே வந்துடுச்சே, இன்னொண்ணு போட்டுடலாமா?" என்று பதறிப்போய் இரண்டாவது மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பலாச்சுளையைத் தின்ற பிறகு தோல் மிஞ்சுவது போலத்தான். அடிக்கடி வந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

மருந்துக்காரர்களும் பாடம் படித்தார்கள்

இந்தப் பூச்சு வித்தைகள் எல்லாமே எடுத்த எடுப்பில் வெற்றி பெற்றுவிடவில்லை. துளை போட்ட ஓடு முறையில் செய்த 'ஆஸ்மோசின்' என்ற வலி மாத்திரை பிரிட்டனில் வந்த சில மாதங்களிலேயே, குடலில் புண்ணும் துளையும் உண்டாக்கியதாகப் புகார்கள் வந்து 1983ல் திரும்பப் பெறப்பட்டது. நாள் முழுக்கக் கரையும் 'பல்லாடோன்' என்ற கடும் வலி மருந்து 2005ல் அமெரிக்காவில் விற்பனையிலிருந்து எடுக்கப்பட்டது. காரணம், மதுபானத்தோடு சேர்ந்தால் மெதுவாக வரவேண்டிய மருந்து மொத்தமாகக் கொட்டிவிடும் என்று தெரியவந்தது. உரலில் நடந்தது அங்கே வயிற்றுக்குள்ளேயே நடக்கும். கணவரோ அண்ணன் தம்பியோ குடிக்கிற பழக்கம் உள்ளவராக இருந்தால், மெதுவாகக் கரையும் மருந்து எழுதும் டாக்டரிடம் அதை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். வெட்கப்பட்டால் காரியம் கெடும்.

அட்டையில் இரண்டெழுத்து

"இந்த மாத்திரை எந்த ரகம்னு நான் எப்படிடி கண்டுபிடிக்கறது?" என்று கேட்டேன்.

"பேருக்குப் பக்கத்துல இருக்கிற குட்டி எழுத்தைப் பாருங்க அத்தை" என்றாள்.

மருந்துப் பெயரை அடுத்து இங்கிலீஷில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர்., ஈ.ஆர்., சி.ஆர்., எக்ஸ்.எல்., பி.ஆர்., 'ரிடார்ட்' என்று இருந்தால் அநேகமாக மெதுவாகக் கரையும் ரகம். எம்.ஆர். என்றிருந்தால் கரையும் விதம் மாற்றப்பட்டது. ஈ.சி., டி.ஆர்., ஜி.ஆர். என்றால் குடல் பூச்சு. சில மாத்திரைகளில் பெயரோடு எந்த எழுத்தும் இருக்காது. அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் மருந்தின் விவரத்தோடு மட்டும் போட்டிருப்பார்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு பாருங்கள். இல்லையென்றால் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.

டி.டி. என்றிருந்தால் நேர் எதிர். அது தண்ணீரில் கரைத்துக் கொடுப்பதற்கென்றே செய்தது. குழந்தைக்கு வயிற்றுப்போக்கு வரும்போது உப்புச் சர்க்கரைக் கரைசலோடு 14 நாளைக்கு துத்தநாக மாத்திரை தருகிறார்களே, அது இந்த ரகம். ஒரு ஸ்பூன் தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கரைத்துக் கொடுக்கலாம்.

கடையில் வாங்கும்போதும் கவனம் வேண்டும். "அதே மருந்துதாம்மா, வேற கம்பெனி" என்று கொடுத்தால், அந்த இரண்டெழுத்தும் அதேதானா என்று பாருங்கள். மெட்ஃபார்மின் 500 என்பதும் மெட்ஃபார்மின் 500 எஸ்.ஆர். என்பதும் மருந்தில் ஒன்று, நடையில் வேறு. ஒன்றுக்குப் பதில் ஒன்றைத் தானாக மாற்றிக்கொள்ளக் கூடாது.

குழந்தை இருக்கும் வீட்டில்

இளம் தாய்மார்கள் இந்தப் பகுதியை இரண்டு தடவை படியுங்கள்.

ரத்தசோகையைப் போக்க 2018ல் தொடங்கிய 'அனீமியா முக்த் பாரத்' திட்டத்தில், ஐந்திலிருந்து ஒன்பது வயதுக் குழந்தைகளுக்கு ரோஸ் நிறம், பத்திலிருந்து பத்தொன்பது வயது வரை நீலம், கர்ப்பிணிகளுக்கும் பெரிய பெண்களுக்கும் சிவப்பு என்று இரும்புச் சத்து மாத்திரைக்கு நிறம் வைத்திருக்கிறார்கள். மூன்றுமே சர்க்கரைப் பூச்சு. நமக்கு அது சௌகரியம். தவழுகிற குழந்தைக்கோ அது மிட்டாய்! சிவப்பு மாத்திரை ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை நாலைந்தை முழுங்கினாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். அதிகமானால் உயிருக்கே ஆபத்து. அமெரிக்காவில் சின்னக் குழந்தைகள் இப்படி இறந்துபோனதால், 1997ல் இரும்பு மாத்திரை டப்பாக்களில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று சட்டமே போட்டார்கள்.

மெதுவாகக் கரையும் மாத்திரையைக் குழந்தை முழுங்கிவிட்டால் இன்னொரு ஏமாற்றம் உண்டு. முதல் சில மணி நேரம் குழந்தை விளையாடிக்கொண்டே இருக்கும். "ஒண்ணும் ஆகலையே" என்று நாம் நிம்மதியாக இருப்போம். மருந்து பிறகுதான் கரைய ஆரம்பிக்கும். ஆகவே, அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தொண்டையில் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். முக்கியமாக, குழந்தைக்கு மருந்து கொடுக்கும்போது "மிட்டாய்டா கண்ணா" என்று சொல்லும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மருந்தை மருந்தென்றே சொல்லுவோம்.

நாம் செய்ய வேண்டியவை

மாத்திரையை உடைக்கவோ, பொடிக்கவோ, கடித்துத் தின்னக் கொடுக்கவோ நேர்ந்தால் முதலில் டாக்டரையோ மருந்தாளுநரையோ கேளுங்கள். நடுவில் கோடு இருந்தால் அநேகமாகப் பாதியாக்கலாம். ஆனால் பாதியாக்கலாம் என்பதற்குப் பொடிக்கலாம் என்று அர்த்தமில்லை. மெட்டோபிரலால் என்ற இதய மருந்தின் மெதுவாகக் கரையும் மாத்திரைகளில் சிலதைக் கோட்டில் உடைக்கலாம், நுணுக்கக் கூடாது.

முழுங்கச் சிரமப்படும் பெரியவர் வீட்டில் இருந்தால் டாக்டரிடம் மாத்திரை எழுதும்போதே சொல்லுங்கள். பல மருந்துகள் சிரப்பாக, தண்ணீரில் கரைவதாக, வாயிலேயே கரைவதாகக் கிடைக்கின்றன. மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுப்பவர்களுக்கு இது இன்னும் அவசியம். குருணைகள் குழாயை அடைத்துவிடும்.

கேப்சூலைத் திறந்து குருணையைக் கொடுக்கலாம் என்று டாக்டரே சொன்னால், மசித்த பழம் போன்ற மென்மையான உணவில் தூவி, மெல்லாமல் முழுங்கச் சொல்லுங்கள். குருணையைக் கடித்தால் சட்டை கிழிந்துவிடும்.

உட்கார்ந்த நிலையில், ஒரு டம்ளர் தண்ணீரோடு மாத்திரையைக் கொடுங்கள். கொடுத்த கையோடு படுக்கவைக்காதீர்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால், அடுத்த வேளைக்கு இரண்டாகக் கொடுக்காதீர்கள்.

மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து ஒரே டப்பாவில் கொட்டி வைக்காதீர்கள். அடுப்பு மேடைக்கு மேல் அலமாரியும் பாத்ரூமும் மாத்திரைக்கு ஆகாத இடங்கள். ஈரமும் சூடும் பட்டால் பூச்சு பிசுபிசுக்கும், வெடிக்கும். நிறம் மாறிய மாத்திரையையும் ஒட்டிக்கொண்ட மாத்திரையையும் கொடுக்க வேண்டாம்.

வீட்டில் பெரியவர்களைக் கவனிக்க ஆள் வைத்திருந்தால், அவர்களிடம் இதையெல்லாம் சொல்லிவையுங்கள். ஒரு தாளில் "இதை உடைக்கக் கூடாது", "இதைக் கரைக்கலாம்" என்று எழுதி, டப்பா மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். எங்கள் சித்தி வீட்டில் இப்போது அப்படித்தான் ஒட்டியிருக்கிறது. படிக்கத் தெரியாதவர்கள் என்றால் உடைக்கக் கூடாத அட்டையில் சிவப்புப் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போடுங்கள், போதும்.

இன்றைக்கு மத்தியானம் சமையல் வேலை முடிந்ததும் உங்கள் வீட்டு மாத்திரை டப்பாவை எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள். ஒவ்வொரு அட்டையையும் திருப்பிப் பாருங்கள். இரண்டெழுத்து இருக்கிறதா, என்ன இரண்டெழுத்து என்று குறித்துக்கொள்ளுங்கள். சந்தேகம் வந்தவற்றைப் பட்டியல் போட்டு, அடுத்த முறை மருந்துக் கடைக்குப் போகும்போது கையோடு கொண்டுபோய்க் கேளுங்கள். பத்து நிமிஷ வேலைதான்.